அங்கீகாரம் பெற்ற இடிமேகம்

பறக்கிற விமானங்களுக்கு வானிலைப் படம் அனுப்பும் அலுவலகம் அது. மழை பெய்தால் அதன் கூரை ஒழுகும். எந்த மூலையில் ஒழுகும் என்று அங்கே வேலை பார்க்கிற யாருக்கும் முன்கூட்டித் தெரிந்ததில்லை. ஒழுகிய பிறகு வாளியைக் கொண்டுபோய் வைப்பார்கள். இத்தோடு கதையை முடித்துவிடலாம்தான். ஆனால் அங்கே நடந்ததை முழுக்கச் சொல்லாவிட்டால் எனக்கு இந்தக் குமட்டல் நிற்காது.

படக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட மனிதர் அங்கே படம் போடும் வேலையில் இருந்தார். அதற்கு முன்பு ஓர் அச்சகத்தில் சோப்பு உறைக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் வடிவம் போட்டுக்கொண்டிருந்தவர். வானிலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே போகும்போது குடையை எடுப்பதா வேண்டாமா என்பதுதான். அதிலும் பாதி நாள் தப்பு செய்வார். பக்கத்து மேஜையில் தடித்த கண்ணாடி போட்ட கணிப்பாளர் அம்மா ஒருவர் இருந்தார். எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு உயரத்துக்கு இடிமேகம் எழும்பும் என்று அவர் சொல்வார். படக்காரர் அதை வரைபடத்தின் மேல் வண்ணத் திட்டுகளாகப் போடுவார். பொத்தானை அழுத்தினால் படம் டேட்டா லிங்க் வழியாக மேலே போய், விமானி அறையில் இருக்கும் திரையில் விரியும். அலுவலகத்துக்குள் டேட்டா லிங்கைத் 'தரவிணைப்பு' என்றுதான் சொல்ல வேண்டும். மறந்துபோய் லிங்க் என்று சொன்னவர்களிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும்.

இந்த வேலை எதற்கு என்று படக்காரருக்கு விளங்கவைத்தவன் அவருடைய மச்சினன். அவன் ஒரு விமானக் கம்பெனியில் துணை விமானி. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டதால் அக்காதான், அதாவது படக்காரரின் மனைவிதான், அவனை வளர்த்தாள். விமானம் இல்லாத நாட்களில் அக்கா வீட்டு ஹாலில், கால் நீட்ட இடம் போதாத சோபாவில் சுருண்டு படுத்துக் கிடப்பான். அக்கா அவனுடைய வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துத் தேய்த்து மடிப்பு எடுப்பாள்.

ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டு, குக்கருக்குப் பின்னால் உப்பு டப்பாவை வைத்தான்.

"மாமா, அங்கேர்ந்து பார்த்தா என்ன தெரியுது?"

"குக்கர்."

"அதுக்குப் பின்னாடி?"

"தெரியலை."

"அவ்வளவுதான். எங்க விமானத்தோட மூக்குல ரேடார் இருக்கு. அது குக்கரைக் காட்டும். பின்னாடி ஒளிஞ்சிருக்கிற டப்பாவைக் காட்டாது. குக்கரைச் சுத்தி வந்துட்டோம்னு நிம்மதியா மூச்சு விட்டுட்டு நேரா டப்பாவுக்குள்ள போவோம். முன்னெல்லாம் வெறும் எழுத்தும் எண்ணுமா ஒரு சீட்டு வரும். அதைப் படிச்சு மனசுக்குள்ளயே படம் போட்டுப் பார்க்கணும். இப்ப உங்க படம் முழுசையும் மேலேர்ந்து காட்டிடும். பெரிய விஷயம் மாமா."

"டப்பாவைக் கொடு. உப்பு போடணும்" என்றாள் அக்கா.

படக்காரருக்குப் பெருமையாக இருந்தது. சோப்பு உறையைக் கிழித்துத்தான் எறிவார்கள். தான் போடும் படத்தைப் பார்த்து ஒரு விமானம் திரும்பிப் போகும் என்பது அவருக்கு நம்பமுடியாததாக இருந்தது. சில நாட்களில் அந்த நம்பமுடியாமையே நியாயம் என்று ஆனது.

திறப்பு விழாவில் இயக்குநர் நாடா வெட்டினார். இயக்குநருக்கு அடர்த்தியான மீசை, அதைவிட அடர்த்தியான குரல். "இன்று வானம் நம் கைக்குள் வந்துவிட்டது" என்று ஆரம்பித்து, வானத்தைக் கையை விட்டு இறக்கிவைக்காமலே வெகுநேரம் பேசினார். பிறகு, பறந்துகொண்டிருந்த எல்லா விமானங்களுக்கும் முதல் படத்தை அனுப்பச் சொன்னார். அது வானிலைப் படம் இல்லை. அவர் நாடா வெட்டுகிற புகைப்படம்.

தரவிணைப்பு ரொம்பக் குறுகலான குழாய். வண்ணத் திட்டு அதில் சட்டென்று இறங்கிவிடும், புகைப்படம் ஒவ்வொரு வரியாகத்தான் இறங்கும். கடலுக்கு மேலே மழைக்கு நடுவில் இருந்த மச்சினனின் திரையில் முதலில் இயக்குநரின் தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. பக்கவாட்டில் மின்னல் வெட்டியபோது புருவம் வந்திருந்தது. தரையிறங்கி, பயணிகள் எல்லோரும் இறங்கிப் போனபிறகுதான் மீசை முழுமையாகக் கிடைத்தது.

"கத்தரிக்கோல் வரைக்கும் பார்க்கலாம்னு கேப்டன் சொன்னார் மாமா. எனக்குத்தான் பசி" என்றான் வீட்டுக்கு வந்து.

அடுத்து வண்ணக் குழு என்று ஒன்று வந்தது. படக்காரர் இடிமேகத்தைச் சிவப்பில் போட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். சிவப்பு விமானிகளைப் பதற்றப்படுத்துகிறது என்றும், பதறாத விமானியே நாட்டுக்குத் தேவை என்றும் குழு முடிவு செய்தது. எந்த விமானியையும் கேட்டு எடுத்த முடிவில்லை. குழு உறுப்பினர்கள் இரண்டு பெயிண்ட் கடைகளுக்கும் ஒரு திரைச்சீலைக் கடைக்கும் அலுவலக வண்டியில் போய்வந்தார்கள். கடைசியில் இடிமேகத்துக்கு இளம் ரோஜா நிறம் என்று தீர்மானம் ஆனது.

"நம் படத்தைத் திறக்கும் விமானிக்கு ஓர் இதம் வர வேண்டும். யாரையும் பயமுறுத்துவது ஓர் அரசு அலுவலகத்தின் வேலை அல்ல. அதற்கு வேறு துறைகள் இருக்கின்றன" என்று இயக்குநர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் நகைச்சுவையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று தெரியாததால் படக்காரரும் தட்டினார்.

இதெல்லாம் சில்லறைக் கூத்து. இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சரிபார்ப்புப் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள் பாருங்கள், அங்கிருந்துதான் நாற்றம் தொடங்கியது.

ஒரு விமானக் கம்பெனியிடமிருந்து புகார் வந்தது. படத்தில் காட்டியிருந்த இடிமேகத்துக்குப் பயந்து சுற்றிப் போனதாகவும், அந்த மேகம் எழும்பாமலே கலைந்துவிட்டதாகவும், எரிபொருள் வீண் என்றும் எழுதியிருந்தார்கள். "மேகம்னா அப்படித்தான். சில சமயம் கலையும். கணிப்புன்னா அதுதானே" என்று கணிப்பாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இயக்குநர் அதை ஏற்கவில்லை. அவர் மூன்று நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள், இனி சரிபார்க்கப்படாத எந்தக் கணிப்பும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். வாய்மொழியாக யாரும் யாருக்கும் வானிலை சொல்லக் கூடாது, விமானக் கட்டுப்பாட்டு அறைக்கு போனில்கூடச் சொல்லக் கூடாது என்றும் அதில் இருந்தது.

சரிபார்ப்புப் பிரிவுக்கு ஓர் அதிகாரி வந்தார். மெலிந்தவர், சுத்தமானவர், மேஜையில் காகிதக் குண்டு தவிர வேறெதையும் வைத்துக்கொள்ளாதவர். படக்காரர் முதல் படத்தை அவரிடம் எடுத்துப் போனார்.

"இங்கே இடிமேகம்னு போட்டிருக்கீங்க. இருக்கா?"

"இன்னும் இல்லை சார். சாயங்காலம் வரும்னு கணிப்பு."

"இல்லாததை இருக்குன்னு போட்டா அதுக்குப் பேர் என்ன?"

கணிப்பு என்று சொல்லலாமா என்று படக்காரர் யோசித்தார். அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"வரட்டும். வந்ததும் என்கிட்ட வாங்க. ஒப்பிட்டுப் பார்த்து, சரியா இருந்தா முத்திரை போட்டுத் தர்றேன். அப்புறம் அனுப்புங்க."

"மேகம் வந்தப்புறம் அனுப்புனா, அது முன்னறிவிப்பா சார்?"

"முன்னறிவிப்புதான். நீங்க முன்னாடியே போட்டுட்டீங்களே. நாம முன்னாடி அறிஞ்சுட்டோம். அறிவிக்கிறதுதான் பின்னாடி" என்றார் அதிகாரி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை.

அப்படித்தான் நடந்தது. காலையில் படம் தயாராகும். மேகம் வரும்வரை மேஜையில் கிடக்கும். மேகம் வந்து, இடித்து, பெய்து, போனபிறகு அதிகாரி ஜன்னல் திரையை விலக்கியும் செய்திகளைக் கேட்டும் ஒப்பிடுவார். பொருந்தினால் முத்திரை. பொருந்தாத படங்களைக் கிழித்துவிடுவார்கள், அவை கணக்கில் வராது. அந்த மாதக் கடைசியில் அலுவலகத்தின் துல்லியம் நூறு சதவீதம் ஆனது. உலகத்தில் எந்த வானிலை அலுவலகமும் எட்டாத இடம் அது. கேக் வெட்டினார்கள். படக்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். வீட்டில் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"நேத்து மழை பெஞ்சதுன்னு இன்னைக்குச் சொல்றதுக்கு எதுக்குங்க செயற்கைக்கோள்? எதிர்வீட்டு அம்மாவே சொல்லுவாங்களே" என்றாள் மனைவி.

"நூறு சதவீதமாம்" என்றார் அவர்.

மச்சினன் சோபாவில் திரும்பிப் படுத்தான். "நாங்க இப்ப அந்தத் திரையைப் பெரிசா எடுத்துக்கறதே இல்லை மாமா. உங்க படம் வந்தா, ஓ, நாம அந்த மேகத்துக்குள்ளதான் போயிட்டு வந்தோம்போலன்னு தெரிஞ்சுக்கலாம். ஒரு ஞாபகார்த்தம், அவ்வளவுதான்."

அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "நீங்க அங்கதானே இருக்கீங்க. இவன் போற பாதையில ஏதாவது வந்தா சும்மா இருந்துடாதீங்க" என்றாள்.

அது வந்த நாளில் காலையிலேயே கணிப்பாளர் அம்மா படக்காரரைக் கூப்பிட்டார். மேற்குப் பாதையில் மத்தியானத்துக்கு மேல் இடிமேகங்கள் வரிசையாக எழும்பும் என்றார். முன்னால் ஒரு சின்ன மேகக் கூட்டம், அதற்குப் பின்னால் ஒளிந்தபடி பெரியது. படக்காரர் குக்கரையும் உப்பு டப்பாவையும் நினைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் மச்சினனின் விமானம் அந்தப் பாதையில்தான் போகிறது. அதற்குச் சற்றுப் பின்னால் வேறொரு கம்பெனியின் விமானமும் அதே பாதையில் போகிறது. இளம் ரோஜா நிறத்தில் படத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்.

"மேகம் வந்துடுச்சா?" என்றார் சரிபார்ப்பு அதிகாரி.

"மத்தியானத்துக்கு மேல வருதுங்க."

"அப்ப மத்தியானத்துக்கு மேல வாங்க."

படக்காரர் கட்டுப்பாட்டு அறைக்கு போன் செய்தார். "உங்க ஆபீஸ்லேர்ந்து வாய்வார்த்தையா எதையும் வாங்கக் கூடாதுன்னு உங்க இயக்குநர்தாங்க எழுதிக் கொடுத்திருக்கார். படம் அனுப்புங்க, பார்த்துக்கறோம்" என்று வைத்துவிட்டார்கள்.

இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் கண்ணாடி முன்னால் நின்று, துல்லியத்துக்காகத் தனக்குக் கிடைக்கப்போகும் விருதுக்கு ஏற்புரை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்ததால் உட்காரச் சொன்னார்.

"யோசிச்சுப் பாருங்க. நம்ம படத்தை நம்பி ஒரு விமானி சுத்திப் போறார். மேகம் வரலை. நம்ம மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"வந்துடுச்சுன்னா சார்?"

"வந்துடுச்சுன்னா நம்ம கணிப்பு சரியாயிடுச்சு. அதுல நாம கவலைப்பட என்ன இருக்கு?"

"விமானத்துல ஆளுங்க இருக்காங்க சார்."

"இருக்கட்டுமே. அவங்களுக்கும் பெருமைதானே" என்றார் இயக்குநர். பிறகு கண்ணாடியின் பக்கம் திரும்பி, ஏற்புரையில் விட்ட இடத்தைத் தேடினார்.

படக்காரர் மேஜைக்குத் திரும்பிவந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. முத்திரை இல்லாமல் எல்லா விமானங்களுக்கும் படம் போகாது. கருவி பூட்டிக்கொள்ளும். ஆனால் சோதனைப் படம் என்று ஒரு வசதி இருந்தது. குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானத்துக்கு ஒரு படம் அனுப்பலாம். இயக்குநரின் பிறந்த நாள் வாழ்த்துகளை அதில்தான் அனுப்பிப் பார்ப்பார்கள். படக்காரர் சோதனைப் படத்தைத் திறந்தார். விமானம் எது என்று கேட்டது. திரையில் மேற்குப் பாதையில் இரண்டு புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

அவர் மச்சினனின் விமானத்தைத் தேர்ந்தெடுத்தார். திட்டை மறுபடி சிவப்பாக்கினார். அனுப்பினார். பிறகு இரண்டாவது புள்ளிக்கும் அனுப்பிப் பார்த்தார். இன்றைய சோதனை முடிந்தது, நாளை முயலவும், நன்றி என்று வந்தது.

திரையில் வெகுநாளைக்குப் பிறகு சிவப்பு வந்ததும் மச்சினனின் விமானம் வளைந்தது. இடிமேகத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்தது நேராகப் போனது. சின்ன மேகத்தைக் கவனமாகத் தாண்டி, பெரியதற்குள் புகுந்தது. உள்ளே விமானம் தூக்கி எறியப்பட்டது. உணவு தள்ளுவண்டி கூரையில் மோதி ஒரு பணிப்பெண்ணின் மேல் விழுந்தது. பெல்ட் போடாதவர்கள் பலருக்கு மண்டை உடைந்தது. யாரும் சாகவில்லை. விமானி எப்படியோ அதை வெளியே கொண்டுவந்து தரையிறக்கி, கடுமையான இடிமேகத்தில் சிக்கிவிட்டோம் என்று அறிவித்தார்.

அந்த அறிவிப்பு வந்த நிமிடமே சரிபார்ப்பு அதிகாரி எழுந்தார். அவர் வேகமாக நடந்ததைப் படக்காரர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். "பொருந்திருச்சு. இடம், உயரம், எல்லாம் பொருந்திருச்சு. விமானமே நேர்ல போய்ப் பார்த்துச் சொல்லிடுச்சு. இதைவிட என்ன சரிபார்ப்பு வேணும்?" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். படம் எல்லா விமானங்களுக்கும் போனது. அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டிருந்த விமானத்துக்கும் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்ததும் அக்கா அவனுடைய தோளையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கணவருக்கு முதல் ஆளாகச் சாப்பாடு போட்டாள். அவருக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஒரு வாரத்தில் விசாரணை வந்தது. விபத்துக்கு இல்லை. அதில் விசாரிக்க எதுவும் இல்லை, கணிப்பு சரியாக இருந்தது. படக்காரர் சரிபார்க்காத படத்தை அனுப்பியதற்குத்தான் விசாரணை. இயக்குநரும் சரிபார்ப்பு அதிகாரியும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். சாட்சியாக மச்சினனைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா தேய்த்துக்கொடுத்த சட்டையில் வந்து நின்றான்.

"உங்க விமானத்துக்கு வந்த படத்துல இடிமேகம் காட்டியிருந்தது, இல்லையா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"உங்க விமானம் இடிமேகத்துல சிக்குச்சா?"

"இல்லை சார்."

"குலுங்குச்சா?"

"இல்லை."

"ஒரு டம்ளர் தண்ணியாவது கொட்டுச்சா?"

"இல்லை சார். நாங்கதான் சுத்திப் போயிட்டமே."

"அது நீங்க எடுத்த முடிவு. நான் கேட்டது மேகத்தைப் பத்தி. ஆகக்கூடி படத்துல சொன்னது எதுவும் உங்க விமானத்துக்கு நடக்கலை" என்று அதிகாரி குறித்துக்கொண்டார். "கணிப்பு தவறு."

மச்சினன் அவர் குறித்த காகிதத்தை எட்டிப் பார்த்தான். பிறகு, "மேகம் அங்க இருந்துச்சு சார். நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன். கட்டுப்பாட்டு அறையிலயும் சொன்னேன், பின்னாடி வர்றவங்களைத் திருப்புங்கன்னு. சோதனைப் படத்தை வச்சு எச்சரிக்கை கொடுக்க விதியில இடமில்லைன்னாங்க" என்றான்.

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க" என்றார் இயக்குநர். "விதி தெரிஞ்சவங்க."

படக்காரருக்கு நிஜமாகவே ஒன்று புரியவில்லை. அதைத்தான் கேட்டார். "சார், தப்பான படம்னு சொல்றீங்களே, அதுவும் நீங்க முத்திரை போட்டு அனுப்பினதும் ஒரே படம்தானே. நான் கலரை மட்டும்தான் மாத்தினேன்."

"ஒரே படம்தான். நாங்க எங்கே இல்லைன்னு சொன்னோம்?" என்று இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "ஒண்ணு சரிபார்க்காதது. அதை நம்பிப் போன விமானத்துக்கு ஒண்ணுமே நடக்கலை. தப்பாப் போச்சு. இன்னொண்ணு சரிபார்த்தது. அதுல சொன்ன எல்லாம் அப்படியே நடந்துச்சு. சரிபார்ப்போட அருமையை நிரூபிக்க இதைவிட வேற என்னய்யா வேணும்? உங்களுக்கு நாங்க நன்றி சொல்லணும். ஆனா தண்டனையும் கொடுத்தாகணும். நூறு சதவீதமா இருந்ததை உங்க ஒரு படம் இறக்கிடுச்சு பாருங்க. அந்தப் படத்தைக் கணக்குலேர்ந்து எடுக்கறதுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

வேலையை விட்டு எடுக்கவில்லை. பெருந்தன்மை. படம் போடும் மேஜையிலிருந்து எடுத்து, விழாப் பிரிவில் போட்டார்கள். வெளியே வந்ததும் மச்சினன் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே, "நான் வேணா உள்ள போயிட்டு வந்திருக்கணும் மாமா. உங்க வேலை தப்பிச்சிருக்கும்" என்றான். படக்காரர் அவனை முறைத்தார்.

விழாப் பிரிவில் அவருக்கு வந்த முதல் வேலை, அன்றைய படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போடுவது. முத்திரை குத்திய, இளம் ரோஜா நிறப் படம். கீழே 'முற்றிலும் துல்லியம்' என்று எழுத்துப் பொறிக்கச் சொன்னார்கள். அதை அடிபட்ட பணிப்பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் நேரில் கொடுத்து, விருதுக் குழுவுக்கு அனுப்ப ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது இயக்குநரின் யோசனை. படக்காரர் சட்டத்தைச் சுமந்துகொண்டு பின்னால் போனார். மருந்து வாடையையும் மீறி, முன்னால் போன இயக்குநரின் சென்ட் அவர் மூக்கை அடைத்தது.

அந்தப் பெண்ணுக்குக் கழுத்தெலும்பு உடைந்திருந்தது. தோளிலிருந்து விரல்வரை கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கும்பலைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்.

"அம்மா, நீங்க சாதாரணப் பணிப்பெண் இல்லை. எங்கள் துல்லியத்துக்கு உயிருள்ள சான்று" என்று இயக்குநர் ஆரம்பித்தார். அலுவலகத்தின் சாதனைகளைச் சொன்னார். உலகமே திரும்பிப் பார்க்கிறது என்றார். அவள் மூடாத கண்ணால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எப்ப சார் போட்டீங்க?"

"காலையிலேயே" என்றார் இயக்குநர், நெஞ்சை நிமிர்த்தி. "நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே எங்க மேஜையில தயாரா இருந்துச்சு."

"அப்ப எங்களுக்கு ஏன் வரலை?"

"யார் சொன்னது வரலைன்னு? வந்துச்சும்மா. உங்களை இறக்கிட்டு இருந்தப்ப உங்க விமானி அறையில வந்து சேர்ந்துச்சு. பதிவு இருக்கு."

அம்மாவின் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவர் நிமிரவே இல்லை.

"எங்களுக்கு முன்னாடி போன விமானம் சுத்திப் போச்சுன்னு சொன்னாங்களே" என்றாள் அந்தப் பெண்.

"அது ஒரு தவறான படத்தால வந்தது. முறையில்லாம அனுப்பினது. இதோ, இவர்தான்" என்று இயக்குநர் படக்காரரை முன்னால் இழுத்துவிட்டார். "கவலைப்படாதீங்க, நடவடிக்கை எடுத்துட்டோம்."

படக்காரர் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் அவரைக் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்த விமானத்துல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தாங்களாண்ணே?" என்று கேட்டாள்.

"என் மச்சினன் ஓட்டினான்மா. ஒரு விமானத்துக்குத்தான் அனுப்ப முடிஞ்சது."

அவள் தலையை ஆட்ட முயன்று, வலியில் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கும் அக்கா வீட்டுக்காரர் இருக்கார்ணே" என்றாள். "ஜவுளிக்கடையில வேலை."

புகைப்படக்காரர் சட்டத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். அவளால் கையைத் தூக்க முடியாததால் படக்காரரே பிடித்தார். "ஜவுளியும் நல்ல தொழில்தாம்மா" என்று சொல்லிவிட்டு, இயக்குநர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.